கோமுகத்தில் பனியாற்றைப் பார்த்து நிற்பது ஆன்மிகமா, வெறும் சுற்றுலாவா?

மலைவழி எழுதியது:
வரும் செப்டம்பரில் கங்கோத்ரியிலிருந்து, பனியாறு (மெல்ல நகர்ந்து இறங்கும் பனிக்கட்டிப் பெருந்திரள்) முடிந்து கங்கை பிறக்கும் கோமுகம் வரை நடந்து செல்ல எண்ணியிருக்கிறேன். கோயில் வழிபாட்டில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் பெரிய மலைகளின் முன் நிற்கும்போது மனம் தானாக அடங்குவதை உணர்ந்திருக்கிறேன். உடன் வரும் என் மாமாவோ, கங்கை பிறக்கும் இடத்தில் நீராடுவதுதான் யாத்திரை, மற்றதெல்லாம் வேடிக்கை என்கிறார். சடங்கு எதுவும் செய்யாமல் அந்தப் பனியாற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பதையும் ஆன்மிகம் என்று கொள்ளலாமா? சென்று வந்தவர்கள் சொல்லுங்கள்.

வடதிசை எழுதியது:
முதலில் ஓர் எச்சரிக்கை: வெள்ளை வெளேரென்ற பனியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். கோமுகத்தில் பனியாற்றின் முகப்பு கல்லும் மண்ணும் அப்பிச் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். அண்மையில் உடைந்து விழுந்த இடங்களில் மட்டும் உள்ளிருக்கும் நீலம் தெரியும். அடியிலிருந்து சீறி வரும், கங்கையின் மூல நதியான பாகீரதியும் தெளிந்த நீரல்ல. பனி நகரும்போது பாறையை அரைத்த மாவு அதில் கலந்திருப்பதால் கலங்கியே ஓடுகிறது. சற்றுத் தள்ளி உட்கார்ந்து கேட்டால், பனி இளகி, மேலே இருக்கும் கற்கள் ஒவ்வொன்றாக உருண்டு விழும் ஓசை வந்துகொண்டே இருக்கும்.

என்னை ஆட்கொண்டது வேறொன்று. ஆற்றின் தொடக்கம் என்று நாம் கைகூப்பும் அந்த இடம், சௌகம்பா மலைச் சரிவுகளில் தொடங்கி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் இறங்கி வந்த பனியாற்றின் முடிவு. அங்கே உருகுவது நாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பெய்த பனி. இதை அறிந்து நின்றபோது, மந்திரம் எதுவும் சொல்லாமலே நான் எவ்வளவு சிறியவன் என்பது விளங்கியது. இதை ஆன்மிகம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஐயம் எழுதியது:
சற்று மாறுபடுகிறேன். கோமுகம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 விழுக்காடுதான். தலை லேசாவதும் நெஞ்சு படபடப்பதும் உயரத்தின் வேலை; மூச்சு வாங்குவதை ஞானம் என்று எண்ணிவிட வேண்டாம். கங்கோத்ரியில் ஓரிரு நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்ளுங்கள். கீழே இறங்கி, வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகும் அந்த உணர்வு நிலைத்திருந்தால், அப்போது பெயர் வைத்துக்கொள்ளலாம்.

நீர்க்கரை எழுதியது:
இருவரும் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தப் பனியாறு நீண்ட காலமாகப் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. முந்தைய தலைமுறையினர் வணங்கிய முகப்பு இன்று வெறும் கற்குவியல். பெரு நாட்டில் கொய்யூர் ரித்தி என்ற மலைத் திருவிழா நடக்கிறது. அதில் முன்பு கரடி வேடமிட்ட பக்தர்கள் பனியாற்றுக்கு ஏறி, பனிக்கட்டிகளை வெட்டி, நோய் தீர்க்கும் புனிதப் பொருளாக முதுகில் சுமந்து இறங்குவார்கள். பனியாறு சுருங்குவதைக் கண்டு அவர்கள் வெட்டுவதையே நிறுத்திக்கொண்டார்கள். புனிதமானது என்பதாலேயே தொடாமல் விடுவதும் வழிபாடுதான் என்பது என் கருத்து. உங்கள் மாமா கங்கோத்ரி படித்துறையில் தாராளமாக நீராடட்டும்; கோமுகத்தில் துணியையோ பூசைப் பொருளையோ ஆற்றில் விட வேண்டாம்.

மலைவழி எழுதியது:
மூவருக்கும் நன்றி. படித்துறை யோசனைக்கு மாமா பாதி இசைந்திருக்கிறார். அப்படியே கோமுகத்துக்கு மேலே இருக்கும் தபோவனப் புல்வெளி வரை ஏறலாமா?

வடதிசை எழுதியது:
தபோவனத்துக்குப் பனியாற்றைக் கடந்துதான் ஏற வேண்டும். கற்களுக்கு அடியில் வெடிப்புகள் மறைந்திருக்கும் என்பதால், பாதை தெரிந்த உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். கோமுகத்துக்கே வனத்துறை அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு 150 பேரைத்தான் விடுகிறார்கள் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். மாமாவுக்கு மூச்சிரைப்பு இருந்தால், அவர் கோமுகத்துக்கு முன்பே வரும் தங்குமிடமான போஜ்பாசாவிலேயே நின்றுகொள்வது நல்லது.