கொல்லிமலை ஏறும்போது மட்டும் கொதிக்கிறது: ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் போதுமா?

கொல்லிமலை மருமகன்:

அனைவருக்கும் வணக்கம். நான் நாமக்கல்லில் வசிக்கிறேன். மனைவியின் ஊர் செம்மேடு என்பதால், மாதத்துக்கு இரண்டு முறையாவது காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. வண்டி பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய சிறிய பெட்ரோல் கார். சென்ற ஆண்டு ரேடியேட்டர் ஓஸ் வெடித்தபோது அதை மாற்றிக் கொடுத்த மெக்கானிக், கூலன்ட் என்பது பனியில் உறையாமல் இருப்பதற்காக ஊற்றுவது, நம் ஊரில் அதற்கு வேலையே இல்லை என்று சொல்லிப் பட்டறையின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே நிரப்பிவிட்டார். சூடு ஏறாமல் இருக்கும் என்று, இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றிவிட்டார்.

சேலம் வரை நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறுவதில்லை. மலையில் பாதி வளைவுகளைத் தாண்டியதும் முள் மேலே போகிறது, ரிசர்வ் டேங்கில் தண்ணீர் குமிழியிடுகிறது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. டேங்கில் உள்ள தண்ணீர் டீயின் நிறத்துக்கு மாறிவிட்டது. ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு மேலே போக வேண்டும், அன்று வண்டிகள் ஊர்ந்துதான் ஏறும். இது தண்ணீரால் வந்த கோளாறா, வேறு ஏதாவதா?

லாரிப்பட்டறை:

நான் நாற்பது ஆண்டுகளாக லாரி வைத்திருப்பவன். எங்கள் வண்டிகள் வடநாடு வரை வெறும் தண்ணீரில்தான் போய் வந்தன. தண்ணீரைப் போலச் சூட்டை வாங்கிக்கொள்ளும் பொருள் வேறு இல்லை. கூலன்ட் என்பது விற்பவர்களுக்கு லாபம் என்பதே என் எண்ணம். உங்கள் ரேடியேட்டரில் அடைப்பு இருக்கும், அதைக் கழற்றி, குழாய்களுக்குள் ராடு (கம்பி) விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற பணிமனைக்காரர்:

லாரிப்பட்டறை அண்ணன் சொன்னதில் ஒரு பாதி முழு உண்மை, அதைப் பலரும் ஒப்புக்கொள்வதில்லை. தண்ணீரும், கூலன்ட்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த திரவத்தைவிட வெறும் தண்ணீர் அதிக வெப்பத்தைச் சுமந்து செல்லும். ஆகவே தண்ணீர் ஊற்றியதால்தான் வண்டி கொதிக்கிறது என்று சொல்வது தவறு.

மலையில் மட்டும் ஏன் கொதிக்கிறது என்பதைப் பாருங்கள். உங்கள் ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும், அது 'பார்' என்ற அழுத்த அலகில் சொல்வது. உள்ளே அந்த அளவு அழுத்தம் சேரும்வரை மூடி திறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்பது அதன் பொருள். 0.9 பார் மூடி சரியாக வேலை செய்தால் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 119 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் கெட்டு அழுத்தம் நிற்காமல் போனால், சமவெளியில் அது 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமுள்ள கொல்லிமலையிலோ 96 டிகிரியே போதும். இன்ஜின் சாதாரணமாகவே 90 டிகிரியை ஒட்டி ஓடுவதால், முதல், இரண்டாம் கியரில் காற்றோட்டமின்றி ஏறும்போது அந்தச் சின்ன இடைவெளியும் மறைந்து போகிறது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை அழுத்தமே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய 107 டிகிரிவரை தாங்கும். பனியே இல்லாத ஊருக்கும் அதனால் பயன் உண்டு. உறையாமல் காப்பது என்று பொருள்படும் 'ஆன்டிஃப்ரீஸ்' என்ற அதன் இன்னொரு பெயர்தான் நம் ஊரில் எல்லாரையும் ஏமாற்றுகிறது.

ஆனால் என் கவலை அந்த அரை லிட்டரைப் பற்றியது. அது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் எதை ஊற்றினாலும் வீண்தான். இன்ஜின் குளிர்ந்த பிறகு மூன்றைப் பாருங்கள்: மூடியின் ரப்பர், வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சிறு கசிவுத் துளையைச் சுற்றித் துருக்கோடு உண்டா என்பது, ஆயில் மூடியின் உட்புறத்தில் பால்போன்ற படிவு. மூன்றாவது இருந்தால், இன்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் கிழிந்து ஆயிலில் தண்ணீர் கலக்கிறதோ என்ற சந்தேகம் வரும், அப்போது மலைப்பயணத்தை மறந்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. திறந்த கணத்தில் அழுத்தம் போய், உள்ளே உள்ள தண்ணீர் சட்டென்று கொதித்து ஆவியோடு பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது சமவெளியில் உங்களுக்கு நட்டம்தான். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் ஓடுவதால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலும் சீக்கிரம் கெடும். மைலேஜ் குறைந்திருக்க வேண்டுமே?

வேதியியல் ஆசிரியை:

டீ நிறத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். வெந்நீர் போடும் பானையின் அடியில் வெள்ளையாகக் காறை பிடிப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் கார்பனேட்டாக மாறிப் படிவதுதான் அது. இன்ஜினுக்குள்ளும் அதுவே நடக்கிறது, அதுவும் எரிந்த புகை வெளியேறும் எக்சாஸ்ட் வால்வைச் சுற்றி, மிகவும் சூடான, நன்றாகக் குளிர வேண்டிய இடத்தில்தான் முதலில் படிகிறது. காறை வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், முள் நடுவில் நிற்கும்போதே அந்த இடத்தில் உலோகம் அளவுக்கு மீறிக் காய்ந்துகொண்டிருக்கக்கூடும்.

பழுப்பு நிறம் துரு. வார்ப்பிரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் ஒரே உப்புத் தண்ணீரில் நனைந்திருந்தால் அது ஒரு மின்கலம்போல் வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். கூலன்ட்டில் கிளைக்காலைவிட முக்கியமானவை அரிப்பைத் தடுக்கும் சேர்மானங்கள் என்றே நான் சொல்வேன். டிஸ்டில்டு வாட்டர் காறையைத் தவிர்க்கும், அரிப்பைத் தடுக்காது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் பழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. தூசியும் உலோகத் துணுக்கும் கலந்த அதை நான் நம்பமாட்டேன்.

லாரிப்பட்டறை:

அம்மா சொன்னதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் வண்டி ஒன்றில் லைனரை (பிஸ்டன் ஓடும் இரும்பு உருளையை) கழற்றியபோது, வெளிப்பக்கத்தில் ஊசியால் குத்தியதுபோல் வரிசையாகத் துளைகள் இருந்தன. மட்டமான லைனர் என்று கடைக்காரரோடு சண்டை போட்டேன்.

ஓய்வுபெற்ற பணிமனைக்காரர்:

அண்ணா, அந்தக் கடைக்காரர் பாவம். டீசல் இன்ஜினில் லைனர் அதிரும்போது அதைச் சுற்றியுள்ள தண்ணீரில் நுண்ணிய ஆவிக்குமிழிகள் தோன்றி, உடையும் வேகத்தில் இரும்பைக் கொத்தி எடுக்கும். அதைத் தடுக்கும் சேர்மானம் வெறும் தண்ணீரில் இல்லை. உங்கள் பழைய வண்டிகளின் பித்தளை ரேடியேட்டர் ஒழுகினால் ஈயம் வைத்து அடைக்கலாம், ராடும் விடலாம். இவருடைய காரில் இருப்பது மெல்லிய அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும், அதில் ராடு விட்டால் அதோடு அது முடிந்தது.

கொல்லிமலை மருமகன்:

ஐயா சொன்னபடி வேறொரு பட்டறையில் காட்டினேன். மூடியின் ரப்பர் விரலால் தேய்த்ததும் உதிர்ந்தது. வாட்டர் பம்ப்பின் கசிவுத் துளையிலிருந்து கீழ்நோக்கிச் செம்பழுப்புக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. பம்ப்பைக் கழற்றியபோது அதன் இதழ்களின் ஓரம் எலி கடித்ததுபோல் தேய்ந்திருந்தது. ஆயில் மூடி சுத்தமாக இருந்தது, அந்த ஒன்று மட்டும் மன நிம்மதி. மைலேஜும் நீங்கள் ஊகித்ததுபோல் குறைந்துதான் இருந்தது, நான் மலை ஏறுவதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பம்ப், மூடி, தெர்மோஸ்டாட் மூன்றையும் புதிதாகப் போடச் சொல்லிவிட்டேன். இப்போது தண்ணீர் கலந்தே வரும் ரெடி மிக்ஸ் வாங்கவா, நாமே தண்ணீர் கலக்க வேண்டிய செறிந்த கூலன்ட் வாங்கவா?

ஓய்வுபெற்ற பணிமனைக்காரர்:

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, இன்ஜினைச் சூடாக்கி, ஆறவிட்டு வடிக்க வேண்டும். வருவது தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். எவ்வளவு வடித்தாலும் பிளாக்குக்குள் ஒரு லிட்டருக்கு மேல் தங்கிவிடும் என்பதால், ரெடி மிக்ஸ் ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். உங்கள் வண்டியின் மொத்தக் கொள்ளளவைக் கையேட்டில் பாருங்கள். 4 லிட்டர் என்றால் செறிந்த கூலன்ட் 2 லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு என்பதற்கெல்லாம் பொது விதி கிடையாது, கையேட்டில் சொன்ன வகைதான் கணக்கு. ஊற்றியதோடு மறந்துவிடவும் கூடாது, கிளைக்காலும் நாளடைவில் அமிலமாகக் கெடும்.

ஆடிப் பதினெட்டு அன்று ஒருவேளை முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். அது இன்னொரு சிறு ரேடியேட்டர். புழுங்கும், ஆனால் வண்டி பிழைக்கும். கொதித்துப்போன இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் விரிசல் விடக்கூடும்.

வேதியியல் ஆசிரியை:

மீதமுள்ள புட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சும்கூட. கீழே சிந்தியதை நாய் நக்கினாலும் ஆபத்துதான். யாராவது விழுங்கிவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் புட்டியோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கொல்லிமலை மருமகன்:

நேற்று சோதனைக்காக நான் மட்டும் தனியாகச் செம்மேடு வரை போய் வந்தேன். முள் நடுவை விட்டு நகரவில்லை. ஆனால் இன்று காலை ரிசர்வ் டேங்கில் ஒரு விரல் அளவு குறைந்திருக்கிறது. மறுபடியும் கசிவா?

ஓய்வுபெற்ற பணிமனைக்காரர்:

புதிதாக நிரப்பினால் உள்ளே சிக்கிய காற்று முதல் ஓரிரு பயணங்களில் வெளியேறி, அந்த இடத்துக்குத் திரவம் இறங்கும். அதே கலவையைக் குறிவரை ஊற்றுங்கள். இன்னும் இரண்டு பயணம் கழித்து, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். அப்போதும் குறைந்திருந்தால் பம்ப்பின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து வைத்துவிட்டு இங்கே எழுதுங்கள்.