நியூஸ்பிரிண்ட் இறக்குமதி: சீனாவின் வழி நமக்கு ஆகுமா?

பாலக்கோடு வாசகன்:
செய்தித்தாள் அச்சிடும் தாளான நியூஸ்பிரிண்டுக்குச் சுங்க எண் 4801. அதன் இறக்குமதியை வரைபடமாகப் போடப் போகிறேன். சீனா 1999இல் கனடா, தென்கொரியா, அமெரிக்கத் தாளுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மலிவு விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி) போட்டது. இறக்குமதி சரிந்தது, சொந்த ஆலைகள் வளர்ந்தன, பிறகு தாளை வெளியே விற்கவும் தொடங்கினார்கள். நாம் 2019 ஜூலையில்தான் 10 சதவீத வரி போட்டோம், 2020 பிப்ரவரியிலேயே 5 ஆக்கிவிட்டோம். பத்திலேயே நின்றிருக்க வேண்டும். நம்ம பாலக்கோடு சர்க்கரை ஆலையின் கரும்புச் சக்கையிலேயே தாள் செய்யலாமே, கரூர் காகிதபுரம் காகித ஆலையில் செய்து காட்டியதுதானே?

ஓசூர் ரீல்:
அண்ணே, 4801 மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான். சீன ஆலைகள் அமெரிக்காவிலிருந்து பழைய செய்தித்தாளைக் கப்பல் கப்பலாக வாங்கி மை நீக்கிப் புதுத்தாள் செய்தன. அந்தப் பழைய தாள் 4707.30 என்ற வேறு சுங்க எண்ணில் பதிவாகும். தாள் வரவு குறைந்த இடத்தில் கழிவு வரவு ஏறியது. 2021இல் கழிவுத்தாள் இறக்குமதியையே அந்நாடு நிறுத்தியதும் அந்த வாசலும் அடைத்தது. இரண்டு எண்ணையும் கூட்டாமல் வரைபடம் போடாதீங்க.

பாலக்கோடு வாசகன்:
கழிவாக வந்தாலும் ஆலை வேலை உள்நாட்டில் நடந்ததே! நான் கேட்பது அதைத்தான். நம்ம வரியால் 2020இல் இறக்குமதி குறைந்ததும் உண்மைதானே?

ஓசூர் ரீல்:
வரியா, ஊரடங்கா என்று பிரிக்காமல் சொல்ல முடியாது. ஒப்பந்தம் போட்டுக் கப்பல் வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். 2019 ஜூலை முதல் செப்டம்பர் வரை வந்தது பெரும்பாலும் பழைய ஆர்டர். அக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பத்து சதவீதத்தின் விளைவு தெரியும். அந்த நான்கு மாதத்தை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு எடையில் ஒப்பிடுங்க, ரூபாயில் வேண்டாம். 2018இல் விலை உச்சத்தில் இருந்ததால் ரூபாய்க் கணக்கு சரிவைப் பெரிதாக்கிக் காட்டும். நமக்குக் கணக்கு ஆண்டு ஏப்ரல்-மார்ச், சீனாவுக்கு ஜனவரி-டிசம்பர், அதையும் மாதவாரியாக நேர் செய்யணும்.

அரூர் ஆஃப்செட்:
எடையிலும் ஒரு சிக்கல் உண்டு. 48.8 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளிலிருந்து 42க்கு மாறினால் அதே பக்கங்களுக்கு 14 சதவீதம் எடை குறைவு. வாசகர் குறையாமலே டன் குறையும். இன்னொன்று, 2017இல் 4801இல் சேர ரீலுக்கு வேண்டிய குறைந்தபட்ச அகல வரம்பு 36 செ.மீ.யிலிருந்து 28 செ.மீ. ஆனது. நீண்ட தொடரில் அந்த ஆண்டில் ஒரு கோடு போட்டுப் பிரித்துக் காட்டுங்க.

சக்கையைப் பற்றி: அது ஆலையின் பாய்லர் எரிபொருள். எடுத்தால் மாற்று எரிபொருள் கொடுத்தாக வேண்டும். மின்சாரமாக விற்க வழி வந்தபின் சக்கை விலையும் ஏறிவிட்டது. சக்கையின் நார் குட்டை, மறுசுழற்சி நாரும் ஒவ்வொரு சுற்றிலும் குறுகும். ரீலிலிருந்து தாளை இழுத்து அச்சிடும் வேகமான வெப் மெஷினில் இழுவை தாங்காமல் தாள் அறும். அறுந்தால் மெஷின் நிற்கும், மறுபடி கோத்து ஓட்டி ரெஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) சேரும்வரை வருவதெல்லாம் கழிவு. தாளின் பொடி, மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் பிளாங்கெட்டில் ஒட்டினால் அதைத் துடைக்க இன்னொரு நிறுத்தம். நீள நார்க் கூழ் கலந்தால் இது குறையும், அந்தக் கூழும் இறக்குமதிதான். ஆகவே வரியை உயர்த்துமுன் எந்த நார் எங்கிருந்து வரும் என்று சொல்லுங்க.

பாலக்கோடு வாசகன்:
நார் விஷயம் ஏற்கத்தக்கது. ஆனாலும் மை நீக்கும் ஆலைக்கு முதலீடு வர வேண்டுமானால் வரி நிலையாக இருக்கணும். ஏழு மாதத்தில் பாதியாகும் வரியை நம்பி யார் இயந்திரம் வாங்குவார்? 4707.30ஐயும் சேர்த்து, 2017இல் பிரித்து, மாதவாரி டன்னில் போடுகிறேன். அதிலும் சீனாவின் சரிவு வரிக்குப் பிறகே தொடங்கினால் என் வாதம் நிற்கும்.

ஓசூர் ரீல்:
போடுங்க. கூடவே உள்நாட்டு உற்பத்தி டன்னும் வேணும். இறக்குமதி குறைந்து உற்பத்தியும் குறைந்திருந்தால் வாசகர் போனதுதான் காரணம், வரி இல்லை.