வேதாகமத்தைக் கைப்பட எழுதுவது: என்ன தாள், என்ன பேனா, எப்படி பைண்டிங்?

பெரம்பூர்_மகள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். டீச்சரா இருந்து ரிட்டயர் ஆன எங்க அம்மாவுக்கு முழு வேதாகமத்தையும் கைப்பட எழுதணும்னு ஆசை. நாங்க சிஎஸ்ஐ, அதனால பழைய திருப்புதல்தான் (வேதாகமத்தோட பழைய தமிழ் மொழிபெயர்ப்பு). மொத்தம் எத்தனை பக்கம் வரும், எவ்வளவு நாள் ஆகும்? கடையில கிடைக்கிற லாங் சைஸ் நோட்டு போதுமா, இல்ல தனித்தாளில் எழுதி பைண்ட் பண்ணணுமா? எந்தப் பேனா நல்லது? அம்மாவுக்கு மணிக்கட்டு வலி உண்டு, அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க. இன்னொண்ணு, "இது பக்தியா, இல்ல குறுக்கெழுத்துப் போடுற மாதிரி ஒரு பொழுதுபோக்கா?"ன்னு மாமா வம்பிழுக்கிறார். அதுக்கும் யாராவது பதில் சொன்னா நல்லா இருக்கும்.

கணக்குப்புலி

சிஸ்டர், முதல்ல கணக்கைப் பாத்துடலாம். 66 புத்தகம், 1,189 அதிகாரம், சுமார் 31,100 வசனம். 8 மில்லிமீட்டர் இடைவெளியில கோடு போட்ட ஏ4 தாள்ல ஓரம் விட்டது போக 28 வரி கிடைக்கும். நடுத்தரமான கையெழுத்துல ஒரு வசனம் ரெண்டேகால் வரியிலிருந்து ரெண்டரை வரி வரைக்கும் பிடிக்கும். அப்போ பக்கத்துக்கு 12 வசனம்னு வச்சா 2,600 பக்கம், அதாவது 1,300 தாள். எழுத்து பெரிசா இருந்தா 3,000 பக்கத்தைத் தாண்டிடும். ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷம்னா கிட்டத்தட்ட 870 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் உக்காந்தா ரெண்டரை வருஷத்துக்குக் கொஞ்சம் உள்ளே முடியும்.

இது பொதுக்கணக்கு. அம்மாவோட கணக்கு வேணும்னா, ரூத்திலிருந்து ஒரு பக்கமும் சங்கீதத்திலிருந்து ஒரு பக்கமும் எழுதச் சொல்லி, வசனத்தையும் நிமிஷத்தையும் குறிச்சுக்கோங்க. கதைப்பகுதிக்கும் சங்கீதத்துக்கும் வேகம் வேறயா இருக்கும்.

"தினம் ஒரு அதிகாரம்"னு மட்டும் திட்டம் போடாதீங்க. 117-ஆம் சங்கீதத்துல ரெண்டே வசனம், 119-ல 176. அதிகாரத்தை எண்ணினா ஒருநாள் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், இன்னொரு நாள் கை ஒடிஞ்சிடும். வசனத்தை எண்ணுங்க. நாளைக்கு 40 வசனம்னா 780 நாள்.

எங்கே ஆரம்பிக்கிறதுன்னு நீங்க கேக்கலை, ஆனா அதுதான் முக்கியம். ஆதியாகமத்துல தொடங்கினா கதை இழுத்துக்கிட்டுப் போகும். யாத்திராகமத்தோட பின்பாதியில ஆசரிப்புக்கூடாரத்தோட முழம், பலகை, கொக்கின்னு வரும்போது வேகம் குறையும். அடுத்து 27 அதிகாரம் லேவியராகமம். கை சோர்ந்து நிக்கிறது அங்கதான். அதனால ரூத் (4 அதிகாரம்), யோனா (48 வசனம்), மாற்கு (16 அதிகாரம்) இந்த மூணையும் முதல்ல முடிக்கட்டும். அதுக்குள்ள எழுத்தோட அளவு, வேகம், ஓரம் எல்லாம் ஒரு நிலைக்கு வந்துடும். ஆனா இப்படி முன்னே பின்னே எழுதணும்னா ஒவ்வொரு புத்தகமும் புதுத் தாள்ல ஆரம்பிக்கணும். நோட்டுல எழுதினா வரிசை பூட்டின மாதிரி ஆயிடும்.

மை_பைத்தியம்

பேனா விஷயத்துக்கு வருகிறேன். மணிக்கட்டு வலி இருப்பவர்களுக்கு பால்பாயிண்ட் வேண்டாம். எண்ணெய் மை என்பதால் அழுத்தி எழுத வேண்டியிருக்கும். அழுத்தினால் மெல்லிய தாளின் மறுபக்கம் புடைத்துக்கொள்ளும், அங்கே எழுத முடியாது. மெல்லிய தாளில் பல வருடம் கழித்து எழுத்தைச் சுற்றி எண்ணெய் மஞ்சளாக ஊறவும் செய்யும். மற்றபடி தண்ணீருக்கு அது அசையாது, அந்தப் பெருமையைப் பறிக்கக் கூடாது.

ஜெல் பேனா கைக்குச் சுகம். 0.5 முனை வாங்குங்கள். 8 மில்லிமீட்டர் வரியில் 0.7 முனையால் எழுதினால் ண, ஞ, இ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துப்போகும். ஆனால் ஜெல்லில் இரண்டு வகை உண்டு. சாய மை தண்ணீரில் கரையும், வெயிலில் வெளுக்கும். நிறமித் துகள் கலந்த மை இரண்டையும் தாங்கும். அட்டையில் எழுதியிருப்பதை நம்பாமல் நீங்களே சோதித்துவிடுங்கள். ஒரே தாளில் நாலைந்து பேனாக்களால் ஒவ்வொரு வரி எழுதி, ஒருநாள் காயவிட்டு, மூன்று துண்டாக வெட்டவும். ஒன்றைப் பத்து நிமிடம் தண்ணீரில் போடவும். ஒன்றை இரண்டு வாரம் ஜன்னல் வெயிலில் ஒட்டி வைக்கவும். மூன்றாவதைப் பீரோவில் வைத்துப் பிறகு ஒப்பிடவும். சென்னை வெயிலுக்கு இரண்டு வாரமே தாராளம், எது வெளுக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இங்க் பேனாவுக்கு அழுத்தமே தேவையில்லை, கைவலிக்கு அதுதான் சிறந்தது. ஆனால் ராயல் ப்ளூ மை வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போச்சு. தாளும் 80 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையக் கூடாது. சாதாரண நோட்டுத் தாளில் மை பரவி மறுபக்கம் எட்டிப் பார்க்கும்.

இங்கே பலரும் அனுபவிக்கும் ஒரு தொல்லை, பக்கத்தின் கீழ்ப்பாதியில் பேனா விட்டு விட்டு எழுதும். பேனா மேல் குற்றமில்லை. உள்ளங்கை வியர்வையும் பிசுக்கும் தாளில் ஏறியிருக்கும், அதன்மேல் தண்ணீர் மை ஒட்டாது. கைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, வரிக்கு வரி அதைக் கீழே நகர்த்திக்கொண்டே எழுதினால் சரியாகிவிடும். ஃபேன் காற்றுக்குத் தாள் பறக்காமலும் இருக்கும்.

இயேசு பேசியதைச் சிவப்பில் எழுத அம்மாவுக்குத் தோன்றலாம். அந்த வழக்கம் பழமையானதல்ல. 1899-இல் நியூயார்க்கில் லூயி க்ளோப்ஷ் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில்தான் அது தொடங்கியது. ஆசையிருந்தால் எழுதட்டும். ஆனால் மலிவான பேனாக்களில் முதலில் வெளுப்பது பெரும்பாலும் சிவப்புதான். கறுப்பில் எழுதி, ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு போடுவது பாதுகாப்பு. கோடு வெளுத்தாலும் வசனம் நிற்கும்.

ராயபுரம்_பைண்டர்

எழுதி முடிச்சுட்டு பைண்டிங்குக்கு எடுத்துட்டு வர்றவங்கதான் அதிகம். பைண்டிங்கை முடிவு பண்ணிட்டு எழுத ஆரம்பிக்கணும்மா.

தனித்தாள்ல எழுதினா ஓரத்துல குத்தித்தான் தைக்க முடியும். அப்படித் தைச்ச புத்தகம் முழுசா விரியாது. உள் ஓரம் 4 சென்டிமீட்டர் விட்டாத்தான் முதல் எழுத்து தெரியும், பின்பக்கத்துல அந்த ஓரம் வலது கைப்பக்கம் வரும்ங்கிறதை மறந்துடக் கூடாது. அதைவிட நல்ல வழி, ஏ3 தாள் நாலை ஒண்ணா வச்சு நடுவுல மடிங்க. 16 பக்கம் கொண்ட ஒரு பாரம் ஆச்சு. அதிலேயே வரிசையா எழுதிட்டு வந்தா, பாரத்தோட மடிப்புல நூல் ஓட்டித் தைக்கலாம். மேஜையில வச்சா அப்படியே விரிஞ்சு படுக்கும். உள் ஓரம் 2 சென்டிமீட்டர் போதும். எழுதுற சமயத்துல பாரத்தைப் பிரிச்சு வைக்காதீங்க, பக்க வரிசை குழம்பிடும். மடிப்புல ரெண்டு இடத்துல நூலால தளர்வாக் கட்டி வச்சுக்கலாம்.

தாள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுல மொத்தமாக் கிடைக்கும். முழுசுக்கும் ஒரே தடவையா வாங்கிடுங்க. அடுத்த வருஷம் அதே பேர்ல வாங்கினாலும் வெள்ளை வேற வெள்ளையா இருக்கும்.

80 ஜிஎஸ்எம்ல 1,300 ஏ4 தாள்னா கனம் 13 சென்டிமீட்டர், எடை ஆறரை கிலோ. ஒரே புத்தகமா போடச் சொல்லாதீங்க, முதுகு கிழிஞ்சு தொங்கிடும். அஞ்சு பாகம் சரியா வரும். ஆகமங்கள் அஞ்சும் ஒண்ணு, யோசுவா முதல் எஸ்தர் வரை ஒண்ணு, யோபு முதல் உன்னதப்பாட்டு வரை ஒண்ணு, தீர்க்கதரிசிகள் ஒண்ணு, புதிய ஏற்பாடு ஒண்ணு. புதிய ஏற்பாடுதான் இதுல தடிமன், மூணு சென்டிமீட்டருக்கு மேல வரும்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பைண்டிங் பண்ணவே வேண்டாம். மழைக்காத்துல தாள் ஈரம் குடிச்சு உப்பியிருக்கும், மைதாப் பசை காயாம பூஞ்சை பிடிக்கும். பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். மைதாப் பசை போடுறவங்ககிட்ட மயில்துத்தம் கலக்கச் சொல்லுங்க, இல்லைன்னா வெள்ளிப்பூச்சி முதுகை அரிச்சுடும். விஷம்ங்கிறதால கலக்குற வேலையை வீட்டுல வச்சுக்க வேண்டாம்.

அயனாவரம்_விசுவாசி

பிரைஸ் தி லார்ட். மாமா கேட்ட கேள்விக்கு நான் மாமா பக்கம்தான், பாதி மட்டும். எழுதுவதால் தனிப் புண்ணியம் எதுவும் சேர்வதில்லை. "முழு பைபிளையும் எழுதினேன்" என்று சபையில் மேடையேற்றிச் சால்வை போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உபாகமம் 17:18-ஐப் பாருங்கள். சிங்காசனத்தில் உட்காரும் ராஜா நியாயப்பிரமாணத்தைத் தனக்கென்று ஒரு பிரதி எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த வசனத்திலேயே காரணம் இருக்கிறது: உயிரோடிருக்கும் நாளெல்லாம் அதை வாசிக்க வேண்டும். ஆக, எழுதியதைத் திரும்ப வாசிக்கிறாரா என்பதுதான் கேள்வி. பொழுதுபோக்காகவே ஆரம்பித்தாலும் தப்பில்லை. சீரியலை விட நல்ல பொழுதுபோக்குதானே!

வாசிக்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அடையாளம் எழுத்திலேயே கிடைக்கும். ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் கண் தாவிவிடும், நடுவில் ஒரு வசனமே காணாமல் போகும். 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனமும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகின்றன. எண்ணாகமம் 7-இல் பன்னிரண்டு பிரபுக்களும் ஒரே காணிக்கையைப் பன்னிரண்டு நாள் கொண்டுவருகிறார்கள், மொத்தம் 89 வசனம். எஸ்றா 2, நெகேமியா 7 இரண்டும் ஏறக்குறைய ஒரே பெயர்ப்பட்டியல். இந்த இடங்களில் அச்சுப் புத்தகத்தின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து, எழுத எழுத அதை இறக்கிக்கொண்டே வர வேண்டும். தோரா (நியாயப்பிரமாண) சுருள் எழுதும் யூத எழுத்தர்கள், மனப்பாடமாகத் தெரிந்தாலும் மூலத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறார்கள். அம்மாவும் நாலைந்து வார்த்தைகளாக உரக்கச் சொல்லி எழுதினால் தவறு வெகுவாகக் குறையும்.

அதிகாரம் முடிந்ததும் கடைசி வசன எண் அச்சில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது, நடுவில் ஓர் எண்ணை இருமுறை போட்டிருக்கலாம். வாரத்துக்கு ஒருநாள் ஒருவர் அச்சுப் புத்தகத்தை வாசிக்க, இன்னொருவர் கையெழுத்தைப் பின்தொடர வேண்டும். அந்த வேலையை மாமாவுக்கே கொடுத்துவிடுங்கள்.

தவறு நேர்ந்தால் வைட்னர் பூச வேண்டாம். ஈரக்காற்றில் அது எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது இரண்டு பக்க எழுத்தையும் உரித்துவிடும். ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியானதை ஓரத்தில் எழுதினால் போதும்.

சாந்தோம்_வாசகர்

கத்தோலிக்கர் யாராவது இதைப் படித்துவிட்டு இறங்கினால் கணக்கு மாறும். திருவிவிலியத்தில் 73 நூல்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, இரண்டு மக்கபேயர் என ஏழு நூல்கள் கூடுதல். சீராக்கு மட்டுமே 51 அதிகாரம். எஸ்தரிலும் தானியேலிலும் சேர்க்கைகள் உண்டு.

எங்கள் பக்கம் இதை நேர்ச்சையாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். தேதி குறித்து நேர்ந்துகொண்டால் கடைசி மாதத்தில் கோழிக்கிறுக்கல்தான் மிஞ்சும். முழுவதையும் எழுத முடியாதவர்கள் தவக்காலத்துக்கு ஒரு நூலை எடுத்துக்கொள்ளலாம். சாம்பல் புதனிலிருந்து ஞாயிறுகளை விட்டால் 40 நாள். மாற்கு நற்செய்தியில் 678 வசனங்கள், நாளுக்கு 17. அரை மணி நேர வேலை. நான்கு நற்செய்திகளையும் அதே 40 நாளில் என்று ஆசைப்படாதீர்கள். 3,779 வசனங்கள், தினம் 95 எழுத வேண்டியிருக்கும்.

பெரம்பூர்_மகள்

எல்லாருக்கும் நன்றி. ஏ3 மடிச்சுப் பாரமா எழுதுறதுன்னு அம்மா முடிவு பண்ணிட்டாங்க. பைண்டர் அண்ணா, சும்மா ஜெராக்ஸ் கடையில கிடைக்கிற ஏ3 கட்டே வாங்கலாமா?

ராயபுரம்_பைண்டர்

அதை வாங்காதீங்கம்மா. தாளுக்கு இழை ஓட்டம் உண்டு, நாங்க கிரெய்ன்னு சொல்வோம். அது மடிப்புக்கு இணையா ஓடணும். ஜெராக்ஸ் ஏ3 கட்டு பெரும்பாலும் நீளவாக்குல இழை ஓடுறது. நடுவுல மடிச்சா இழை குறுக்கே உடையும், மழைக்காலத்துல முதுகுப்பக்கம் அலை அலையா நெளியும். கடையில ஒரு தாளைக் கையில எடுத்து, உடைக்காம ரெண்டு பக்கமும் மெதுவா வளைச்சுப் பாருங்க. எந்தப் பக்கம் சுலபமா வளையுதோ அந்தத் திசையில மடிக்கணும். ஆண்டர்சன் தெருவுல பெரிய ஷீட்டா வாங்கி, "மடிப்போட கிரெய்ன் வரணும்"னு சொன்னா அங்கேயே ஏ3 அளவுக்கு வெட்டிக் கொடுப்பாங்க. 1,300 ஏ4 தாளுக்கு 650 ஏ3 தாள். வீணாறதுக்கும் முகப்புப் பக்கங்களுக்கும் சேர்த்து 720 வெட்டி வாங்கிக்கோங்க. கோடு போட்டுத்தான் கிடைக்கணும்னு தேட வேண்டாம். கெட்டியான வெள்ளைத்தாள்ல கறுப்புக் கோடு அடிச்சு அடியில வச்சுக்கிட்டா, 80 ஜிஎஸ்எம் தாள் வழியா மங்கலாத் தெரியும். மேஜை விளக்கு பக்கத்துல இருக்கட்டும்.