பின்னி மில் சங்கு ஊதியதும்: மில் வேலை, சாராயக்கடை, சம்பள நாள் – உங்கள் அனுபவங்கள்

பட்டாளம் பையன்
பெரம்பூர் பின்னி மில்தான் (பி அண்ட் சி, அதாவது பக்கிங்காம் அண்ட் கர்நாட்டிக் மில்). அப்பா தறி ஓட்டினார். சாராயக்கடைகள் மறுபடி திறந்த புதிது, 82 அல்லது 83 இருக்கும். சம்பள நாளில் அம்மா என்னைத்தான் அனுப்புவாள். அப்பா கேட்டில் சிக்கமாட்டார், நேரே கடைக்குப் போனால் போதும்.

அன்று அப்பா சம்பளக் கவரைப் பிரித்துத் தனக்கு வேண்டியதை இடுப்பில் செருகிக்கொண்டு மீதியை என் டவுசர் பையில் திணித்தார். வழக்கம்தான். ஆனால் பக்கத்து பெஞ்சில் இருந்த ஒருவர், எங்களுக்குப் பழக்கமே இல்லாதவர், தன் கவரையும் என்னிடம் நீட்டினார். பிரிக்கவே இல்லை. “இதையும் உங்கம்மாகிட்ட குடு. காலையில வந்து வாங்கிக்கிறேன்” என்றார். முட்டைக்கு மிளகுத்தூள் போட்டுக்கொண்டிருந்த சாக்னா (தொட்டுக்க விற்கும்) கடைக்காரர்கூட கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

காலையில் அவருக்கு முன்னால் அவர் மனைவி வந்துவிட்டார். அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் கவரை எடுத்து அந்தம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அப்புறம் அவர் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும், “சரிம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சண்டை வரும் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அடுத்த மாதம் அதே கடையில், அதே மனுஷன், மறுபடி என்னிடம் கவரை நீட்டுகிறார்! தெரிந்தேதான் கொடுத்தாரா? இன்றுவரை பிடிபடவில்லை.

ஓட்டேரி தாத்தா
தம்பி, நீங்கள் சொல்வது பிந்தைய காலம். 76-ல் நாங்கள் போன கடையே வேறு. சரக்கு சைக்கிள் டியூபில் வரும். இடுப்பைச் சுற்றிக் கட்டி மேலே சட்டை போட்டால் கொஞ்சம் தொப்பை மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

ஒருநாள் ஷிஃப்ட் மாறுகிற நேரம். சங்கு ஊதியாச்சு, உள்ளே போகிறவனும் வெளியே வருகிறவனும் முட்டி மோதுகிறார்கள். எவனுடைய டிபன் கேரியர் கொக்கியோ டியூபில் மாட்டிக் கிழித்துவிட்டது. அந்த ஆளின் சட்டை, வேட்டி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து, கேட்டு முழுக்க நாற்றம். வாட்ச்மேன் பக்கத்தில் வந்து மோந்து பார்த்து, “என்னப்பா, வேர்வையா?” என்றார். “ஆமாங்க, வேர்வை.” “ரொம்ப வேலை போல. வீட்டுக்குப் போய்க் குளி.” அவ்வளவுதான் விசாரணை. மூணு நாலு பேர் அந்த ஆளை ஒட்டியே நடந்து போனார்கள், வாசனைக்காக!

சட்டம் பேசுபவன்
பெரியவர் மன்னிக்கணும். 76-ல் கடை ஏது? மதுவிலக்கைத் தளர்த்தியது 1971. கடைகளை மூடியது 1974-க்குள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தது 1981. நடுவில் குடித்தவர்கள் கள்ளச்சாராயம், ஜிஞ்சர் (இஞ்சி டிங்க்சர்), வார்னிஷ் என்று எதையாவது குடித்தார்கள். டியூப் என்று நீங்களே எழுதிவிட்டு அதைக் ‘கடை’ என்கிறீர்கள். படிக்கிற சின்னப் பையன்கள் அந்த வருஷங்களில் கடை திறந்திருந்தது என்று நினைத்துவிடுவார்கள். சாராயக்கடையும் 1987-ல் போய்விட்டது. 90-ல் மலிவு விலை மது என்று வந்தது, 91-ல் அதுவும் நின்றது. இந்த டாஸ்மாக் சில்லறைக் கடையெல்லாம் 2003-லிருந்துதான். வருஷம் போட்டு எழுதினால் சரியாகப் போட்டு எழுதுங்கள்.

என் அனுபவமா? பெரிசாக ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் மலிவு விலை மதுவைக் குடித்துவிட்டு, “கவர்மெண்டே தண்ணி கலக்குதுடா” என்று நடு ரோட்டில் உட்கார்ந்து அழுதார். பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து அவருக்குச் சமாதானம் சொன்னார்.

ரீலிங் மகள்
சென்னைக்காரர்களே பேசுகிறீர்கள். நான் கோயம்புத்தூர். அம்மா ரீலிங்கில் (நூலைச் சிட்டமாகச் சுற்றும் பிரிவு) வேலை. மில் பெயர் வேண்டாம், அங்கே ஒரு மேஸ்திரி இருந்தார். சாயந்திரம் அவருக்குச் சரக்கு வாங்கிக் கொடுத்த பதிலிக்குத்தான் (வராதவர்களுக்குப் பதிலாக அன்றாடம் எடுக்கும் ஆள்) மறுநாள் வேலை. ஆம்பளைகள் கடைக்குப் போய்ச் சமாளித்துக்கொள்வார்கள், பொம்பளை பதிலி என்ன செய்வாள்? அம்மா ஒரு பாட்டிலைப் பஞ்சுக் கழிவு மூட்டைக்குள் வைத்து எடுத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொடாதவள். கடைக்காரரிடம் எப்படிக் கேட்டிருப்பாள், எந்தக் குரலில் கேட்டிருப்பாள் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பாட்டில் கொடுத்த அடுத்த நாளும் வேலை கிடைக்கவில்லை.

நலம் விரும்பி
எங்கள் மாமா ப்ளோ ரூமில் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பிரிவு) இருந்தார், தொண்டைப் பஞ்சு இறங்க ஒரு கிளாஸ் வேண்டும் என்பார். அவ்வளவுதான் என் கதை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாராயம் பஞ்சை இறக்காது. குடிப்பது இரைப்பைக்குப் போகிறது, தூசி நுரையீரலில் இருக்கிறது. பஞ்சு இறங்க வெல்லம், வாழைப்பழம் சாப்பிடுவதும் இதே கதைதான். வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், அடுத்தடுத்த நாள் குறையும். அப்படி இருந்தால் அது பஞ்சுத்தூசி நோயாக இருக்கலாம். பைசினோசிஸ் என்பார்கள். நாளாக நாளாகத் தினமும் மூச்சு வாங்கும். பீடி இருந்தால் இன்னும் மோசம். இங்கே மில்லில் இருந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து குழாயில் ஊதிப் பார்க்கிற டெஸ்டை எடுத்துவிடுங்கள், வெறும் எக்ஸ்ரேவை நம்ப வேண்டாம். இன்னும் மில்லில் இருப்பவர்களுக்கு: இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) தொழில்நோய்ப் பட்டியலிலேயே இது இருக்கிறது. எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் என்று டாக்டரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள், பழைய சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மூச்சுப் பயிற்சியும் நல்லது. வேண்டுமானால் தனியாக எழுதுகிறேன்.

ஓட்டேரி தாத்தா
சட்டம் தம்பிக்கு: போர்டு மாட்டினால்தான் கடையா? புளியந்தோப்பில் ஒரு அம்மா வீட்டுத் திண்ணை. கடன் எழுத நோட்டு இருந்தது, தொட்டுக்கப் போட்டி (ஆட்டுக் குடல்) வறுவல் இருந்தது, சாயந்திரமானால் உட்கார இடம் கிடைக்காது. அரசாங்கம் மூடியது அதன் கடையை. நான் போனது அந்தம்மா கடைக்கு.

நலம் விரும்பி சாருக்கு: ஊதியாச்சு. ஊதச் சொன்ன பொண்ணு, “தாத்தா, இன்னும் பலமா” என்றது. மில் சங்கையே நான்தான் ஊதினேனா என்று கேட்டேன்.

பட்டாளம் தம்பி, அந்தக் கவர் கொடுத்த ஆள் எந்த டிபார்ட்மெண்ட்? கொஞ்சம் சாய்ந்து நடப்பாரா?