சோக் பாதி மூடினால் ஓடுது, திறந்தால் அணையுது – எங்கே காற்று புகுது?

வணக்கம் அண்ணன்மார்களே. இலை ஊதும் டூ-ஸ்ட்ரோக் புளோவர். சோக் (காற்றை அடைக்கும் மூடி) பாதி மூடியிருந்தால் நன்றாக ஓடுது. முழுசாகத் திறந்து திராட்டில் கொடுத்தால் இழுவை போய் அணைஞ்சிடுது. பெட்ரோல் போதாத அறிகுறிதான்.

லிட்டருக்கு 20 மில்லி ஆயில், புதுக் கலவை. டேங்க் ஃபில்டர், பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் டயாபிரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) மாற்றியாச்சு. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் எல் (குறைந்த வேகம்), எச் (அதிக வேகம்) இரண்டு ஸ்க்ரூவும் மெதுவாக மூடி ஒன்றரைச் சுற்று திறந்திருக்கு. எச்-ஐ மேலும் கால் சுற்று திறந்தும் மாற்றமில்லை. (அதை மூடிப் பார்க்கச் சொல்லாதீங்க, பிஸ்டன் உரசிடும்.)

ஐடிலும் (திராட்டில் கொடுக்காதபோது ஓடும் வேகம்) ஏறி இறங்குது. அதனால் சந்தேகம் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் இன்டேக் கேஸ்கெட் மேல்; அது வழியாகக் காற்று புகுதோ என்று. ஆனால் கார்புரேட்டர் உள்ளே பெட்ரோலைத் திறந்துவிடும் நீடில் லீவர் தாழ்ந்திருந்தாலும் இப்படித்தானே வரும்? எதை முதலில் பார்ப்பது? இங்கே மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் கேஸ்கெட் தாள் எந்தக் கடையில் கிடைக்கும்?