அம்பு பட்ட மான் எங்கே போகும்? வெண்வால் மான் தேடல்: அனுபவப் பகிர்வு

பரண்வாசி

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே பேசுவது அமெரிக்காவில் லைசென்ஸும் டேக்கும் (அடித்த மானில் கட்டும் அனுமதிச் சீட்டு) வாங்கி, சீசனுக்குள் செய்யும் வெண்வால் மான் வேட்டை பற்றி மட்டும்.

எந்த வில், எந்த அம்பு, காட்டோடு கலந்து தெரியாமல் போகும் எந்த காமோ உடை என்று ஆளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். ஆனால் மானைத் தொலைப்பது பெரும்பாலும் அம்பு கையை விட்டுப் போன பிறகு, அவசரப்பட்டுப் பரணை விட்டு இறங்குகிற அந்தப் பத்து நிமிடத்தில்தான். அதை மட்டும் இந்த இழையில் எழுதுவோம். பட்டதும் மான் என்ன செய்யும், தரையில் என்ன கிடக்கும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும். கொம்புப் படமும் சொந்தப் பிரதாபமும் வேண்டாம்.

தொடங்கி வைக்கிறேன். நெஞ்சுக்கூட்டில் பட்ட மான் பின்னங்கால் இரண்டையும் கழுதை மாதிரி எத்திவிட்டு, வயிறு தரையில் உரசுவது போலத் தாழ்ந்து கண்மண் தெரியாமல் பாயும். புதரில் முட்டும், கிளையை முறிக்கும். இரண்டு நுரையீரலும் துளைபட்டிருந்தால் பெரும்பாலும் 50 முதல் 150 கெஜத்துக்குள் விழுந்துவிடும். வயிற்றில் பட்ட மான் முதுகைக் கூனும். சில தாவலில் ஓட்டம் அடங்கி, கால் அகட்டி நிற்கும், பிறகு தலை தொங்க மெல்ல நடந்து போகும். பார்க்கிறவருக்கு "தப்பிவிட்டது" என்றுதான் தோன்றும். அது தப்பவில்லை.

இறங்குவதற்கு முன் மூன்று இடங்களை மனதில் ஆணி அடித்துக்கொள்ளுங்கள்: மான் நின்ற இடம், கடைசியாகக் கண்ணில் பட்ட இடம், கடைசியாகச் சத்தம் கேட்ட திசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரமோ பாறையோ அடையாளம் வேண்டும். 20 அடி உயரத்திலிருந்து பார்க்கும் காடு வேறு, தரையில் நின்றால் தெரியும் காடு வேறு. அதனால் மேலே இருக்கும்போதே போனில் திசைகாட்டியைத் திறந்து டிகிரியைக் குறித்துக்கொள்வது நல்லது. மணியையும் பார்த்து எழுதிவையுங்கள். அந்தப் படபடப்பில் ஐந்து நிமிடம் அரைமணி நேரம் போலத் தெரியும்.

செந்தடம்

அண்ணன் மானைப் பார்க்கச் சொன்னார், நான் தரையைப் பார்க்கச் சொல்கிறேன். மான் காட்டும் சைகை ஏமாற்றும். அம்பு பொய் சொல்லாது.

ஊடுருவிப் போன அம்பு கிடைத்தால் முதலில் மூக்கருகே கொண்டு போங்கள். புளித்த புல் நாற்றம் அடித்து, பச்சையோ பழுப்போ கலந்த நீர் இறகில் ஒட்டியிருந்தால் இரைப்பை அல்லது குடல். இளஞ்சிவப்பில் பொடிப்பொடிக் குமிழி இருந்தால் நுரையீரல். குமிழி இல்லாமல் கருஞ்சிவப்பாக, ஊறவைத்த நாவல் பழச்சாறு மாதிரி இருந்தால் ஈரல். பளீரென்று சிவந்து, ஆரம்பத்தில் தாராளமாகக் கொட்டி, நூறு கெஜத்துக்குப் பிறகு சொட்டுச்சொட்டாகக் குறைந்தால் அது வெறும் சதை. தொடையிலோ முன்சப்பையிலோ பட்டிருக்கும். வெள்ளைக் கொழுப்புப் பிசுக்கு மட்டும் இருந்தால் நெஞ்செலும்புப் பக்கமோ முதுகோ உரசிப் போயிருக்கிறது.

மயிரும் பேசும். வெட்டுப்பட்ட மயிர் வெள்ளையாக இருந்தால் அடிவயிறு. விலாப்புறத்து மயிர் பழுப்பாக இருக்கும், நுனி கொஞ்சம் கருத்திருக்கும்.

பொறுக்கும் நேரம்:

நுரையீரல் அல்லது இதயம் என்று உறுதியானால் 30 நிமிடம். ஈரல் என்றால் 4 மணி நேரம். இரைப்பை, குடல் என்றால் 8 முதல் 12 மணி நேரம். எது என்று புரியவில்லை என்றால் அதிக நேரக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இருக்கிறது. வயிற்றில் பட்ட மானைத் துரத்தாவிட்டால் பக்கத்திலேயே அடர்ந்த புதரிலோ தண்ணீர் ஓரத்திலோ படுத்துவிடும், எழுந்திருக்காது. அரை மணியில் டார்ச்சோடு போனால் எழுந்து ஓடும். குடலும் கொழுப்பும் துளையை அடைத்துக்கொள்வதால் இரண்டாவது ஓட்டத்தில் சொட்டு ரத்தம்கூட விழாது. அரை மைல் தாண்டிப் போன மானை அதற்குப் பிறகு எங்கே தேடுவது?

புதுடேக்

ஐயா, ஒரு சந்தேகம். ரத்தம் ஒளிரும் என்று ஒரு தனி டார்ச் விற்கிறார்களே, வாங்கலாமா?

செந்தடம்

வேண்டாம் தம்பி. பிரகாசமான வெள்ளை வெளிச்சம் தரும் ஹெட்லாம்ப் ஒன்று, மாற்று பேட்டரி ஒரு செட். அந்தக் காசில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பாட்டில் வாங்கி ஸ்ப்ரே புட்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலையின் சிவப்புப் புள்ளி அத்தனையும் ரத்தம் மாதிரியே தெரியும். சந்தேகப் புள்ளியில் அடித்தால் ரத்தம் உடனே நுரைக்கும். அதுவும் இல்லையென்றால் விரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். ரத்தம் என்றால் இழுவும், இலையின் நிறம் என்றால் அப்படியே இருக்கும்.

தடத்தின் மேல் நடக்கக் கூடாது, ஓரமாகவே நடக்க வேண்டும். பத்துப் பதினைந்து அடிக்கு ஒருமுறை கழிப்பறைத் தாள் துண்டு ஒன்றைக் கிளையில் மாட்டிக்கொண்டே போங்கள். தடம் அறுந்துபோனால் திரும்பி நின்று அந்த வெள்ளைத் துண்டுகளை வரிசையாகப் பாருங்கள், மான் பிடித்த கோடு தெரியும். மழை வந்தால் தாள் கரைந்துவிடும், குப்பை சேராது. பிளாஸ்டிக் ரிப்பன் கட்டுகிறவர்கள் திரும்ப வந்து அவிழ்ப்பதில்லை, அதனால்தான் எனக்கு அது பிடிக்காது.

தரையை மட்டும் பார்த்துக்கொண்டு போகாதீர்கள். ரத்தம் இடுப்பளவு செடியின் பக்கவாட்டில் பூசியிருக்கும். தடத்தின் இரண்டு பக்கமும் பூசியிருந்தால் அம்பு மறுபுறம் வெளியேறியிருக்கிறது, அது நல்ல செய்தி.

கோணக்கணக்கு

எல்லோரும் பட்ட பிறகு நடப்பதைச் சொல்கிறீர்கள். அது ஏன் அங்கே போய்ப் பட்டது என்று கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,100 அடி போகும். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லின் அம்பு வினாடிக்கு 280 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கெஜத்தில் அம்பு போய்ச் சேர 0.21 வினாடி, நாண் சத்தம் போய்ச் சேர 0.05 வினாடி. 40 கெஜத்தில் அம்புக்கு 0.43, சத்தத்துக்கு 0.11. அதாவது மிரண்ட மானுக்கு 40 கெஜத்தில் 0.3 வினாடிக்கு மேல் அவகாசம். பாய்வதற்கு முன் மான் காலை மடக்கி உடலைக் கீழே இறக்கும், நெஞ்சைக் குறிவைத்த அம்பு முதுகில் போய் நிற்கும். வேகமான வில் வாங்கினால் சரியாகிவிடும் என்பார்கள். வேகத்தை 300 ஆக்கினாலும் 40 கெஜத்தில் மிச்சமாவது 0.03 வினாடிதான். தூரத்தைக் குறைப்பதும், மான் தலையைத் தூக்கி விறைத்து நிற்கும்போது விடாமல் இருப்பதும்தான் மருந்து. தலை குனிந்து மேயும் மானும் சத்தம் கேட்டால் இறங்கும், ஆனால் காதை நிமிர்த்தி முறைக்கும் மானை 30 கெஜத்தில் அடிப்பது சூதாட்டம்.

அடுத்தது பரண் உயரம். 20 அடிப் பரணில் உட்கார்ந்து, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கும் நெஞ்சைப் பார்த்தால், 20 கெஜத்தில் கோணம் 16 டிகிரி. 10 கெஜத்தில் 30 டிகிரி. மான் பரணுக்கு நேர் கீழே வந்துவிட்டால் ஆசை மூக்கை முட்டும். ஆனால் அந்தச் செங்குத்தில் ஒரு நுரையீரல்தான் அகப்படும். ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் போகும், சில சமயம் பிழைத்தும் விடும். பத்து கெஜம் நடந்து போகவிட்டு, லேசாக விலகிச் செல்லும் கோணத்தில் விடுங்கள். குறி அம்பு நுழையும் இடத்தில் வேண்டாம், எதிர்ப்பக்க முன்சப்பை வழியாக அது வெளியே வர வேண்டும் என்று எண்ணிக் குறிவையுங்கள்.

பரண்வாசி

கோணக்கணக்கு சொன்னதோடு இன்னொன்று. "நுரையீரலுக்கு மேலே, முதுகெலும்புக்குக் கீழே ஒரு வெற்றிடம், அதில்தான் பட்டது" என்று ஆண்டுதோறும் யாராவது சொல்வார்கள். அப்படி ஒரு வெற்றிடம் மானுக்கு இல்லை. உயிரோடு மூச்சு விடும் மானின் நுரையீரல் முதுகெலும்பு வரை நிறைந்திருக்கும். ஆனால் தோள்பட்டைக்கு மேல் முதுகெலும்பு நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக ஓடுகிறது, அதன் மேலே நீண்ட முள்ளெலும்பும் சதையும்தான். அம்பு போனது அந்தச் சதைக்குள். நிறைய ரத்தம், நாலு நாளில் பழையபடி மேய்ச்சல்.

உயரமாக நுரையீரலில் பட்டால் எதிர்மாறு. ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் நிறைந்து, வழிய ஆரம்பிக்கவே ஐம்பது கெஜம் ஆகும். மான் நின்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

ஆரஞ்சுத் தொப்பி

துப்பாக்கிக்காரர்களும் இருக்கிறோம் இங்கே.

.308, .270, .30-30 என்று எந்தத் தோட்டா வகையானாலும் இதயம் சிதறிய மான் நூறு கெஜம் ஓடும். குண்டு பட்ட சைகையே காட்டாமல் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு சுடலுக்குப் பிறகும் மான் நின்ற இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தே ஆகணும். மயிர், எலும்புச் சில்லு, குளம்பு ஆழமாகப் பதிந்து மண் தெறித்த தடம், எல்லாம் அங்கேதான் கிடக்கும். எலும்புச் சில்லோடு சொட்டு ரத்தம் என்றால் கால். அந்த மான் மூன்று காலில் ஊரைச் சுற்றும். காத்திருப்பதால் பயன் குறைவு, இன்னொரு குண்டுக்குத் தயாராக மெல்லப் பின்தொடரணும்.

வில் சீசனும் துப்பாக்கி சீசனும் ஒன்றன்மேல் ஒன்று விழும் நாட்களில் தேடப் போகிறவர்கள் மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படும்படி பளீர் ஆரஞ்சு உடை போடுங்கள், கையில் வில்லே இல்லாவிட்டாலும். பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம். விஸ்கான்சினில் இடுப்புக்கு மேல் பாதி உடை. 2016 முதல் அங்கே பளீர் ரோஸும் செல்லும். மான் பயப்படும் என்று தயங்க வேண்டாம். அதன் கண்ணுக்கு ஆரஞ்சு மங்கலாகத்தான் தெரியும். நீலம்தான் எடுப்பாகத் தெரியும். துணியை நீலமாக ஒளிரவைத்து வெளுப்பைக் கூட்டிக்காட்டும் பொருள் கலந்த சோப்புத்தூளில் காமோவைத் துவைத்துவிட்டு ஆரஞ்சைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

ஈரமூக்கு

நாய் வைத்திருப்பவர்கள் சார்பில் ஒரு விண்ணப்பம். நாயைக் கூப்பிடுவதென்றால், இருபது பேர் காட்டைக் கிளறிய பிறகு கூப்பிடாதீர்கள்.

வார் கட்டிய தேடும் நாய் ரத்தத்தை மட்டும் மோப்பம் பிடிப்பதில்லை. குளம்பின் இரு விரல்களுக்கு நடுவே மானுக்கு ஒரு சுரப்பி உண்டு, அதன் வாசனையும் சேர்ந்துதான் தடம். ஆட்கள் மிதித்தால் அந்த வாசனையும் ரத்தமும் பூட்ஸில் ஒட்டிக் காடெங்கும் பரவும். நாய்க்கு நூறு தடம் ஆகிவிடும். கடைசி ரத்தத்தில் அடையாளம் வைத்துவிட்டு வந்த வழியே வெளியேறுங்கள். அதற்கு அப்பால் ஒரு அடிகூட வேண்டாம். நாய் வைத்துத் தேடுவதற்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு, முன்னரே பார்த்து வையுங்கள்.

மழை வரப்போகிறது என்று வயிற்றில் பட்ட மானை அவசரமாகத் துரத்துகிறார்களே, அதுதான் பெரிய தப்பு. மழையில் ரத்தம் கரையும், வாசனை முழுதாகப் போகாது. துரத்தி விரட்டிய மானோ சொட்டு ரத்தம்கூட விடாமல் வெகுதூரம் போய்விடும்.

செந்தடம்

ஒரு திருத்தம் மட்டும். இரவு முழுக்க விடுவது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. இரவில் வெப்பம் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் என்றால், குடல் கிழிந்த மானின் இறைச்சி காலைக்குள் கெட ஆரம்பித்துவிடும். கயோட்டி (ஓநாய் இனத்துச் சிறு விலங்கு) அதிகமுள்ள காட்டில் காலையில் விலாக்கூடுதான் மிஞ்சும். அப்படிப்பட்ட இடத்தில் 6 மணி நேரம் பொறுத்து, காற்றுக்கு எதிராக, டார்ச்சைத் தாழ்த்தி, நாயோடு போவதுதான் நடுவழி. அப்போதும் 30 நிமிடத்தில் போகாதீர்கள்.

கத்திமுனை

கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முகத்துக்கு நேரே போகாதீர்கள். முதுகுப் பக்கமாக வந்து, நீளக் குச்சியால் கண்ணைத் தொடுங்கள். செத்த மானின் கண் திறந்திருக்கும், சிமிட்டாது. கண் மூடியிருந்தால் உயிர் இருக்கிறது, பின்வாங்குங்கள்.

டேக்கை நிரப்புவது, கட்டுவது, பதிவு செய்வது எல்லாம் உங்கள் மாநிலம் சொல்லும் நேரத்துக்குள் முடியணும். பேனா குளிரில் எழுதாது, பையில் பென்சில் வையுங்கள்.

3 அங்குலக் கத்தி போதும். 6 அங்குலக் கத்தி குடலைக் குத்தத்தான் உதவும். கூர் மேலே பார்க்க, இரண்டு விரலைக் கத்தி நுனிக்கு இருபுறமும் கொடுத்துத் தோலைத் தூக்கிக்கொண்டே வயிற்றைத் திறக்கணும். பின்னங்காலின் உட்புறக் கருத்த மயிர்க்கற்றை, அதாவது வாசனைச் சுரப்பி, அதைத் தொட்ட கையால் இறைச்சியைத் தொடக் கூடாது. வெட்டி எடுக்க வேண்டியதும் இல்லை, விட்டுவிடுங்கள். உதரவிதானத்தை விலாவோடு ஒட்டி அறுத்து, கையை உள்ளே விட்டு மூச்சுக்குழாயை எவ்வளவு மேலே முடியுமோ அங்கே அறுத்து இழுத்தால் மொத்தமும் ஒரே மூட்டையாக வந்துவிடும். கூட்டுக்குள் குச்சி கொடுத்து அகட்டி, சூடு தணிய விடுங்கள். இறைச்சி சீக்கிரமே 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வரணும்.

முதுகெலும்பை ரம்பத்தால் அறுக்காதீர்கள், எலும்பை ஒட்டிச் சதையை மட்டும் எடுங்கள். 1967-ல் கொலராடோவில் முதலில் தெரியவந்த சிடபிள்யூடி என்ற மான் உருக்கி நோய்க்குக் காரணமான பிரியான் என்ற திரிந்த புரதம் மூளையிலும் தண்டுவடத்திலும் சேரும், சமைத்தாலும் அழியாது. நோய் இருக்கும் வட்டாரம் என்றால் தலையைத் தூக்கி எறியாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள், முடிவு வரும் வரை இறைச்சி ஃப்ரீசரில் இருக்கட்டும்.

குடலை இழுத்துப் போட்ட பிறகு உடனே மூடிவிடாமல், துளை எங்கே நுழைந்து எங்கே வெளியேறியது என்று விரல் விட்டுப் பாருங்கள். பரணில் உட்கார்ந்தபோது எழுதிவைத்த ஊகத்தோடு ஒப்பிடுங்கள். மூன்று முறையில் ஒரு முறையாவது பொருந்தாது.