எட்வர்ட் அரசர் புனிதர்தானா?

நெடுவழி:
வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தைக் கட்டினார் என்பதற்காக எட்வர்ட் தி கன்ஃபெஸரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறோம். 1042 முதல் இங்கிலாந்தை ஆண்டவருக்குப் பிள்ளையில்லை. தமக்குப் பின் யார் என்பதையும் ஊரறிய உறுதிசெய்யவில்லை. 1066 ஜனவரி 5 அன்று கண்மூடினார். மறுநாளே ராணியின் சகோதரர் ஹரால்ட் முடிசூடினார். அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் களத்தில் அவரும் மாண்டார், நாடு பிரான்சின் வடக்கே நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் கைக்குப் போனது. குடிகளை நட்டாற்றில் விட்டவருக்கு எதற்குப் புனிதர் பட்டம்?

சிறுமணி:
ஐயா, அவர் எதைச் சுமந்துகொண்டு அரியணை ஏறினார் என்பதையும் சொல்லுங்கள். இளம் வயதிலேயே நாட்டை விட்டோடி, ஏறத்தாழ 25 ஆண்டுகள் நார்மண்டியில் அண்டிப் பிழைத்தவர். 1036இல் தம்பி ஆல்ஃபிரட் தாய்நாடு திரும்பியபோது காட்வின் பிரபு அவரை மடக்கிப் பிடித்தார். பகைவர்கள் கண்களைக் குருடாக்கினார்கள். ஈலி மடத்தில் உயிர் பிரிந்தது. அதே காட்வினின் மகள் ஈடித்தைத்தான் 1045இல் எட்வர்ட் கைப்பிடித்தார். தம்பியைப் பிடித்துக் கொடுத்தவரை மாமனாராக எதிரே உட்காரவைத்துச் சாப்பிட வேண்டிய நிலை! எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நெடுவழி:
பரிதாபம் வேறு, புனிதம் வேறு. 1051இல் அரசரின் மைத்துனர் யூஸ்டஸின் ஆட்கள் டோவரில் தங்க இடம் கேட்டு வம்பு செய்தார்கள். இரு பக்கமும் பிணங்கள் விழுந்தன. எட்வர்டோ ஊரைத் தண்டிக்கச் சொன்னார். மறுத்தவர் நீங்கள் தூற்றும் காட்வின்தான்.

சிறுமணி:
டோவரில் அவர் செய்தது தவறு, மறுக்கவில்லை. ஆனால் கூலிப்படைக்காக 1012 முதல் மக்களிடம் வாங்கிய வரியை அதே 1051இல் நிறுத்தியவரும் அவரே. வரி கட்டி ஓய்ந்த குடியானவனுக்கு அது சின்ன விஷயமா?

ஏட்டுச்சுவடி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1161இல் பட்டம் தந்த போப் மூன்றாம் அலெக்சாண்டருக்கு அப்போது நானே போப் என்று உரிமை கோரிய எதிர்ப் போப் ஒருவர் இருந்தார். அதனால் அலெக்சாண்டருக்கு இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் ஆதரவு தேவைப்பட்டது. முன்பு ஒருமுறை ரோம் தள்ளிவைத்த கோரிக்கை அப்போதுதான் நிறைவேறியது.

சிறுமணி:
பட்டத்தில் அரசியல் இருக்கலாம். அவர் சமாதியின் அடிப்பீடத்தைப் பாருங்கள். ஓர் ஆள் மண்டியிட்டு உடலை நுழைத்துக்கொள்ளும் அளவுக்குக் கல்லில் மாடங்கள் குடைந்திருக்கிறார்கள். நோயாளிகள் அதற்குள் ஒடுங்கி வேண்டிக்கொண்டார்கள். அவர்களை எந்தப் போப்பும் பிடித்துத் தள்ளவில்லை.

நெடுவழி:
அந்த நோயாளிகளின் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, அம்மா. டோவருக்கு மட்டும் அவரை மன்னிக்க என்னால் முடியவில்லை.